வீட்டு மார்க்

சிவப்பிரகாசம் வீட்டு ஃபிரிட்ஜ் கண்ணுக்குத் தெரியாமல் போய் இந்த ஆனியோடு மூன்று வருஷம் முடிந்தது. ஃபிரிட்ஜ்தான் தெரியாதே தவிர, உள்ளே இருப்பதெல்லாம் நன்றாகத் தெரியும். சமையலறை வாசலுக்கு இடப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கத்தரிக்காயும் கேரட்டும் நிற்கும். அதற்கு மேலே தோசை மாவுப் பாத்திரம், அதற்கும் மேலே தயிர்க் கிண்ணமும் இரண்டு பால் பாக்கெட்டும். பால் கெடுவதில்லை. கரண்ட் பில்லும் வழக்கம்போல வருகிறது. அதே வீட்டின் மூன்று பேர் உட்காரும் சோபா, வாஷிங் மெஷின், நாற்பத்து மூன்று இஞ்ச் டிவி, ஒரு ஏ.சி. ஆகியவையும் இதே நிலைமையில்தான் இருக்கின்றன. டிவியில் சத்தம் மட்டும் கேட்கும். சீரியலை வானொலி நாடகம் மாதிரி கேட்டுக்கொள்கிறார்கள். முதல் ஆறு மாதம் வீட்டில் எல்லோருக்கும் முழங்கால் வீங்கியிருந்தது. பிறகு பழகிவிட்டது. விருந்தாளிகள் வந்தால் சிவப்பிரகாசத்தின் மனைவி லீலா வாசலிலேயே, "பாத்து வாங்க, அங்க சோபா இருக்குது" என்று சொல்லிவிடுவார். ஆரணியில் இதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். வாஸ்து என்பவர்கள் உண்டு, பக்கத்து செல்போன் டவர் என்பவர்கள் உண்டு. சரியான காரணம் சிவப்பிரகாசத்துக்குத் தெரியும்.

அதைச் சொல்ல வேண்டுமானால் அறக்கட்டளையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தறிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கல்வி அறக்கட்டளை ஒன்று ஊரில் இருக்கிறது. முதலாளி வீடோ கூலி வீடோ, தறியை நம்பிப் பிழைக்கிற எந்த வீட்டிலிருந்தும் பிளஸ் டூ முடித்த பிள்ளை விண்ணப்பிக்கலாம். வருஷத்துக்கு ஒரே ஒரு பிள்ளை. எந்த ஊர்க் கல்லூரியானாலும் மூன்று வருஷப் படிப்பும் ஹாஸ்டலும் அறக்கட்டளையின் பொறுப்பு. அதோடு சங்கத்துக் கல்யாண மண்டபத்தில், முகூர்த்தத்துக்கு வருகிற அத்தனை பேரும் செருப்பு விடுகிற இடத்துக்கு நேர் எதிரே, ஒரு கறுப்புப் பலகையில் தங்கப் பெயிண்டில் அந்தப் பிள்ளையின் பெயரும் தகப்பன் பெயரும் எழுதுவார்கள். உண்மையைச் சொன்னால் ஹாஸ்டலைவிடப் பலகைக்குத்தான் ஊரில் மதிப்பு. இருபது வருஷம் மார்க்கை மட்டும் பார்த்துக் கொடுத்தார்கள். பலகையில் ஏறிய இருபது பெயரும் டியூஷனுக்கு அனுப்ப வசதியுள்ள வீட்டுப் பெயர்களாகவே இருந்தன. ஒரு வருஷப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இல்லாத வீட்டுப் பிள்ளை படிக்கட்டும் என்றுதானே இதை ஆரம்பித்தோம் என்று கேட்டுவிட்டார். இன்னொருவர் எழுந்து, கஷ்டப்படுகிறவனுக்கெல்லாம் கொடுத்தால் கஷ்டப்பட்டுப் படித்தவன் எங்கே போவான் என்றார். இரண்டு வருஷம் சண்டை நடந்தது. நாற்காலிகள் பறந்தன. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, தூக்கி எறிந்ததால் பறந்தன. கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடித்தார்கள். பரீட்சைக்கு ஐம்பது மார்க், வீட்டுக்கு ஐம்பது மார்க்.

வீட்டு மார்க் போடுவதற்கென்று ஒரு படிவம் அச்சடித்தார்கள். கூரை வீட்டுக்குப் பத்து, ஓட்டு வீட்டுக்கு ஏழு, தளம் போட்ட வீட்டுக்கு மூன்று. ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் ஐந்து, சோபா இல்லாவிட்டால் ஐந்து, ஏ.சி. இல்லாவிட்டால் எட்டு, இப்படியே இரண்டு பக்கம் போகும். மூன்று பேர் கொண்ட குழு நேரில் வந்து பார்த்து டிக் அடிக்கும். இதற்கு வீடு பார்த்தல் என்று பெயர். வறுமைக்கும் மார்க் உண்டென்று தெரிந்ததும் ஊர் அந்தப் பரீட்சைக்கும் தயாராகிவிட்டது. ஆனி பிறந்தால் ஃபிரிட்ஜும் சோபாவும் மச்சான் வீடு, சம்பந்தி வீடு என்று ஊர்வலம் போகும். டெம்போவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். குழுவில் இருந்தவர்களுக்கும் இது தெரியும். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் படித்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

சிவப்பிரகாசத்துக்கு வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் எட்டு பவர்லூம். அவர் திருடர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கூலியை சனிக்கிழமை தாண்டவிட்டதில்லை. யாருடைய பாவு நூலிலும் கை வைத்ததில்லை. மகள் காவ்யா அறுநூற்றுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு எடுத்தாள். ராத்திரி பகலாகப் படித்து எடுத்த மார்க், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவளைப் படிக்கவைக்க யாரிடமும் கையேந்த வேண்டிய நிலையிலும் அவர் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது பலகை.

"பரீட்ச எழுதுனது எம் பொண்ணு. ஃபிரிட்ஜா போயி எழுதிட்டு வந்துச்சு?" என்று லீலாவிடம் கத்தினார். "மார்க்குக்குக் குடுக்கறதுன்னா குடுக்கட்டும். வூட்டுக்குள்ள வந்து எட்டிப் பாக்க இவனுங்க யாரு?"

"அப்போ எதையும் எடுக்க வாணாம். இருக்கறத பாத்துட்டுப் போகட்டும்" என்றார் லீலா.

"பாத்தா பேரு வராது."

பெயர் லீலாவுக்கும் வேண்டியிருந்தது.

அறக்கட்டளைச் செயலாளர் குமரேசன் லீலாவுக்குத் தம்பி முறை. வியாழக்கிழமை காலையில் உங்கள் வீடு என்று அவரே போன் பண்ணிச் சொல்லிவிட்டார். சாமான்களை உறவுக்காரர் வீட்டில் வைக்க வழியில்லை. அந்த வருஷம் எல்லார் வீட்டிலும் ஒரு பிளஸ் டூ இருந்தது. யோசித்துக்கொண்டே ஷெட்டுக்கு வந்தபோது சடையன் கண்ணில் பட்டார். சடையன் பதினோரு வருஷமாக அங்கே தறி ஓட்டுகிறவர். சேத்துப்பட்டு சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் அவர் ஊர். ஊருக்கும் வெளியே, காலனியில் வீடு. சிவப்பிரகாசம் அந்தப் பக்கம் போனதே இல்லை. சடையனும் ஷெட்டைத் தாண்டி இவர் வீட்டுக்குள் வந்ததில்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. அங்கே போட்டால் யார் கண்ணிலும் படாது என்று சிவப்பிரகாசம் நினைத்தார்.

"சடையா, ரெண்டு நாளைக்குக் கொஞ்சம் சாமான் உன் வூட்ல கெடக்கட்டும். யாரு கேட்டாலும் எம் பேர சொல்லிகினு இருக்காத, இன்னா?"

"சரிங்க மொதலாளி" என்றார் சடையன். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பெங்களூர்க் கடைக்காரரிடமிருந்து போன் வந்துவிட்டது. சடையன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தறிக்குத் திரும்பிப் போனார்.

புதன்கிழமை சாயங்காலம் இளவரசனின் டெம்போ வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. ஏ.சி. இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்ததால் அதன்மேல் ஒரு முருகன் காலண்டரை மாட்டினார்கள். வியாழக்கிழமை காலை குழு வந்தது, பாயில் உட்கார்ந்து காப்பி குடித்தது, டிக் அடித்தது, முப்பத்தாறு மார்க் போட்டுவிட்டுப் போனது. உள்ளூர் வீடுகளைக் காலையிலும் வெளியூர் வீடுகளை மாலையிலும் பார்ப்பது வழக்கம் என்பதை சிவப்பிரகாசம் யோசிக்கவில்லை. வெளியூரிலிருந்து யாரும் விண்ணப்பித்து அவர் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முடிவு சொன்னார்கள். சிவப்பிரகாசம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதலில், பரீட்சை மார்க்கில் இரண்டாவது என்று ஒரு பெயரைக் குமரேசன் வாசித்தார்: கலைமகள், தகப்பனார் சடையன், பரீட்சையில் ஐந்நூற்று எண்பத்தொன்று, வீட்டு மார்க் பத்து. காலனி வீட்டுக்குப் பத்துதானா என்று யாரோ கேட்டார்கள்.

"நாங்களும் அப்டித்தான் நெனச்சிகினு போனோம்" என்றார் குமரேசன். "உள்ள போனா டபுள் டோர் ஃபிரிட்ஜு, ஏ.சி., நாப்பத்திமூணு இஞ்ச் டிவி. சோபால உக்கார வச்சுதான் டீயே குடுத்தாங்க. நம்ம வூட்லகூட அப்டி ஒரு சோபா கெடையாதுங்க."

மண்டபமே சிரித்தது. சிவப்பிரகாசம் திரும்பிப் பார்த்தார். பின்னால் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, சடையனும் அவர் மனைவி பாஞ்சாலையும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் அந்தப் பெண், பள்ளிக்கூடச் சீருடையில். "அது என்னுது" என்று சொன்னால் போதும், இரண்டே வார்த்தை. சொன்னால் ஊர் சிரிக்கும், மகள் பெயர் போகும், குமரேசன் முகத்தில் விழிக்க முடியாது. ஆனாலும் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் அவருக்கே தோன்றியது. அவர் எழுந்தார். அப்போது காவ்யா பெயரை வாசித்தார்கள். எழுந்தது அதற்காகத்தான் என்று எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் அப்படியே மேடைக்குப் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்று சால்வை வாங்கிக்கொண்டார். மேடை மேசையில் கலைமகளின் விண்ணப்பம் திறந்து கிடந்தது. இன்னார் என்னிடம் தறி வேலை செய்கிறார் என்ற சான்றுக்குக் கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து இருந்தது. போன மாதம் பில்களோடு பில்லாக, படிக்காமல் அவர் போட்ட கையெழுத்து.

மறுநாள் ஷெட்டில் சடையனைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் பொண்ணும் எழுதிப் போட்டுச்சுன்னு ஏன்டா சொல்லல?"

"நீங்கதானேங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க."

"சரி, அவங்க வந்து கேட்டப்ப?"

"இதெல்லாம் யாருதுன்னு கேட்டாங்க. உங்க பேர சொல்ல வாணாம்னு சொன்னீங்களே. எங்குளுதுதான்னு சொல்லிட்டேங்க" என்றார் சடையன். ஒரு இழை அறுந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு மூன்றாம் தறியை ஓட்டப் போனார்.

அன்று சாயங்காலம் சாமான்கள் திரும்பி வந்தன. டெம்போ காலியாகத்தான் தெரிந்தது. ஆனால் நான்கு ஆட்கள் எதையோ மூச்சுப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். "மெயின் ரோடு வரைக்கும் நல்லாத்தான் தெரிஞ்சிச்சுங்க" என்றான் இளவரசன். "ஆரணி போர்டு தாண்டுனதும் காணோம். வெயிட்டு மட்டும் கொறையல." லீலா வாசலில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரோடு காத்திருந்தார். காலனியில் ஐந்து நாள் கிடந்த சாமானைத் தெளிக்காமல் உள்ளே விடக்கூடாது என்பது அவர் எண்ணம். வெறும் காற்றில் தெளித்தார். தண்ணீர் கீழே விழவில்லை. ஆளுயரத்தில் நின்று, மெதுவாக வழிந்து, இரண்டு கதவு, இரண்டு கைப்பிடி, நான்கு மூலை என்று ஃபிரிட்ஜ் மஞ்சளாகத் தெரிந்தது. பிறகு காய்ந்து மறைந்துவிட்டது. சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை லீலா தெருவில் கொட்டினார். எதற்குத் தெளித்தோம் என்று கூசியதாகப் பிற்பாடு காவ்யாவிடம் சொன்னாராம்.

சாமான்களைக் கை தடவித் தடவி அதனதன் இடத்தில் வைத்தார்கள். எலக்ட்ரீஷியன் வந்து வயரிங் சரியாக இருக்கிறது என்றார். வேலூரிலிருந்து வந்த ஜோசியர் சோபாவில் இடித்துக்கொண்டு காசு வாங்காமல் போனார். சென்னைக்கு ஹாஸ்டலுக்குக் கிளம்புகிற அன்று காவ்யா அம்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டாள். "மார்க்கு போதும்னீங்களே, அப்போ வூட்ட ஏம்பா காலி பண்ணீங்க?" அவர் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவளும் உதவித்தொகை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடவில்லை. பலகையில் அவள் பெயருக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது, சென்னையும் அவளுக்குப் பிடித்திருந்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் சோபா இருக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்துகொள்வாள்.

கலைமகளுக்குச் சென்னையில் புள்ளியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலுக்கு வழியில்லாததால் அது போயிற்று. அறக்கட்டளை முடிவுக்குக் காத்திருந்ததில் அரசுக் கல்லூரிக்கு எழுதிப்போடும் நாளும் கடந்துவிட்டது. ஒரு வருஷம்தானே, வேலைக்குப் போய்விட்டு அடுத்த வருஷம் சேர்ந்துகொள்கிறேன் என்றாள். செய்யாறு பக்கத்து ஷூ கம்பெனி வேன் விடியற்காலை ஐந்தரைக்கு ஊர் முனைக்கு வரும். அடுத்த வருஷம் பாஞ்சாலைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அதற்கடுத்த வருஷம் மழையில் வீட்டுத் தளம் ஒழுகியது. அவள் சம்பளத்துக்கு வீடு பழகிவிட்டது. ஷூவின் நாக்குப் பகுதியை மட்டும் தைக்கிற வேலை, ஒரு நாளைக்கு நானூறு நாக்கு. சடையன் வழக்கம்போல எட்டு மணிக்கு ஷெட்டுக்கு வந்தார், தறி ஓட்டினார், போனார். ஒரு வார்த்தை, ஒரு பார்வைகூட மாறவில்லை. அதுதான் சிவப்பிரகாசத்தால் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருக்கலாம். அவர் ஷெட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். பலகையைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று கல்யாணங்களுக்கு லீலாவை மட்டும் அனுப்பினார்.

இந்த வருஷம் வைகாசியில் கலைமகள் வந்தாள். அரசுக் கல்லூரிக்கு எழுதிப் போடுவதற்கு அப்பாவின் வேலைச் சான்று வேண்டுமாம். ஷூ கம்பெனிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறாளாம். சிவப்பிரகாசம் அந்தத் தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மூன்று முறை படித்தார். லீலா, "உள்ள வாம்மா" என்று கூப்பிட்டார். சடையன் வீட்டு ஆள் ஒருவர் அந்த வீட்டுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. அவர்கள் எச்சரிக்கை சொல்வதற்குள் அவள் நேராக நடந்து போய் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எதிலும் இடிக்கவில்லை, தடவிப் பார்க்கவும் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

"உனக்கு அது தெரியுதா?" என்று கேட்டார் சிவப்பிரகாசம்.

"தெரியுதுங்களே. கதவுல அந்தக் கீறல் இன்னும் இருக்குது பாருங்க. எங்க வூட்டு நெலையில இருந்த ஆணி கீறுனதுங்க அது. அம்மா ரெண்டு நாளு சோறு எறங்காம பயந்துகினு இருந்தாங்க."

"இந்த சோபா?"

"இதுல நாங்க யாருமே உக்காரலங்க. அந்த அஞ்சு நாளும் துணி போட்டு மூடி வச்சிருந்தோம். வூடு பாக்க வந்த மூணு பேருதான் துணிய எடுத்துட்டு உக்காந்தாங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். மூன்று வருஷமாகச் சிவப்பிரகாசம் ஒளித்துவைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த எதுவும் அந்த வீட்டாருக்கு ஒளிந்திருக்கவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே தினமும் எட்டு மணிக்கு வேலைக்கு வந்திருக்கிறார் சடையன். லீலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆனி மாதப் பொதுக்கூட்டத்தில் சிவப்பிரகாசம் எழுந்து நின்றார். இந்தத் தடவை யாரும் யார் பெயரையும் வாசிக்கவில்லை. "மூணு வருஷத்துக்கு முன்னால சடையன் வூட்ல நீங்க பாத்ததெல்லாம் என்னுது" என்றார். மண்டபம் சிரிக்கவில்லை. பலபேர் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜுகளும் எங்கெங்கோ போய் வந்தவைதான். குமரேசன் அருகில் வந்து, "மாமா, பேஜார் பண்ணாதீங்க. போர்டுல எழுதுனத அழிக்க ரூலு கெடையாது. உக்காருங்க" என்று காதில் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு இப்போதாவது கொடுங்கள் என்று சிவப்பிரகாசம் கேட்டார். அந்தந்த வருஷம் பிளஸ் டூ முடித்தவர்களுக்குத்தான் கொடுக்கலாம், அதுவும் ரூல்தான் என்றார்கள். கூட்டக் குறிப்பில், உறுப்பினர் ஒருவர் விளக்கம் அளித்தார் என்று எழுதிக்கொண்டார்கள். படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்தார்கள்: மேற்கண்ட பொருட்கள் தங்களுடையவைதானா? அதற்கு மார்க் கிடையாது.

சொல்லிவிட்டால் ஃபிரிட்ஜ் தெரிந்துவிடும் என்று சிவப்பிரகாசம் மனதுக்குள் நம்பியிருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தார். தயிரும் மாவும் கத்தரிக்காயும் அப்படியே அந்தரத்தில் நின்றன.

கலைமகள் செய்யாறு அரசுக் கல்லூரியில் கணிதம் சேர்ந்துவிட்டாள். தன்னைவிட மூன்று வயது சின்னப் பிள்ளைகளோடு முதல் வருஷத்தில் உட்காருகிறாள், வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்று கூப்பிடுகிறார்களாம். காவ்யா படிப்பை முடித்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை கூலி வாங்க சடையனை வீட்டுக்குள் வரச் சொல்வது வழக்கமாகிவிட்டது. முதல் சனிக்கிழமை அவர் உள்ளே வந்து, ஃபிரிட்ஜைப் பார்த்து முகம் சுளித்து, தோளில் இருந்த துண்டை எடுத்தார். "மூணு வருசமா யாரும் தொடைக்கல போலங்க. ஒரே தூசி, எண்ணப் பிசுக்கு. மஞ்சத் தண்ணி வேற அப்டியே கோடு கோடா காஞ்சி கெடக்குது" என்று துடைக்கப் போனார். சிவப்பிரகாசம் அந்தத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சடையனை சோபாவில் உட்காரச் சொன்னார். சடையன் உட்காரவில்லை.

இப்போது எல்லா சனிக்கிழமையும் இது நடக்கிறது. ஈரத்துணியை வைத்துக்கொண்டு சிவப்பிரகாசம் காற்றைத் துடைக்கிறார். அழுக்கு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, சடையன்தான் பின்னால் நின்று சொல்ல வேண்டும்.

"எங்க இருக்குது, சொல்லுங்க" என்று கேட்கிறார் சிவப்பிரகாசம்.

"இன்னும் கொஞ்சம் மேலங்க. ஆங், அங்கதான்."

"போச்சா?"

"இன்னும் போவலங்க" என்கிறார் சடையன்.

சிவப்பிரகாசம் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு மறுபடியும் துடைக்கிறார்.